வளவில் ஒரு பங்கு, மயிலாப்பூரில் ஒரு பாகம்

வாசகர் கடிதம் (சுருக்கம்): எனக்கு 66 வயது. பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. மகன் சென்னையில், மகள் சிங்கப்பூரில். என் கணவரின் ஐயா கட்டிய வீட்டில் நான் மட்டும் இருக்கிறேன். அவருக்கு நான்கு மகன்கள். என் மாமனார் அதில் ஒருவர். மாமனாருக்கு இரண்டு மகன், ஒரு மகள். உயில் எதுவும் இல்லை. எங்களுக்கு எட்டில் ஒரு பங்கு. மயிலாப்பூரில் மாட வீதிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய பங்களாவை எடுத்துவிட்டு பத்தே வீடு கொண்ட சொகுசு அடுக்ககம் கட்டுகிறார்கள். மூன்று படுக்கையறை, 2,150 சதுர அடி, விலை 4 கோடியே 30 லட்சம். நுழைவு மண்டபத்தில் நம் ஊர்த் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் போடுகிறார்களாம். மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. காரைக்குடி செக்காலையில் என் கணவர் 1991இல் வாங்கிய 12 சென்ட் மனையை விற்றால் 1 கோடியே 80 லட்சம் வரும். வீட்டுப் பங்குக்கு, ஓட்டல் நடத்த இடம் தேடும் ஒருவர் 60 லட்சம் தருவதாகச் சொல்கிறார். மீதிக்கு மகன் கடன் வாங்குவான். இந்த மாதத்துக்குள் 75 லட்சம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். பங்கை விற்றுவிடலாமா?

அன்புள்ள ஆச்சி,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஒப்பந்த வரைவின் நகலையும் மனை வரைபடத்தையும் இரண்டு முறை படித்தேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூருக்குப் போவதில் தவறே இல்லை, போங்கள். வளவில், அதாவது ஊர் வீட்டில், உள்ள பங்கை விற்றுவிட்டுப் போகாதீர்கள். 75 லட்சத்தை இந்த மாதம் மட்டுமல்ல, இப்போது கேட்கும் முறையில் எந்த மாதமும் கட்டாதீர்கள்.

நீங்கள் எட்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். அது புள்ளிக் கணக்கு, நகரத்தார் கோயில் வரிக்குக் குடும்பங்களை எண்ணும் முறை. நகரக் கோயிலுக்குப் புள்ளி வரி கட்டும்போது கல்யாணமான ஆண்மக்களைத்தானே எண்ணுவார்கள்? நான்கு மகன், அதில் ஒருவருக்கு இரண்டு மகன், ஆக எட்டில் ஒன்று. சட்டம் வாரிசுகளை எண்ணும். உங்கள் மாமனாரின் நாலில் ஒரு பங்கு அவருடைய மகளுக்கும் சேர்த்து மூன்றாகப் பிரியும். 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தமும், அதை விளக்கி 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், மகளுக்குப் பிறப்பிலேயே மகனுக்குச் சமமான உரிமை உண்டு என்று நிலைநிறுத்திவிட்டன. நாத்தனார் எந்த வருடம் கல்யாணமாகிப் போனார், எவ்வளவு சீர் செய்தீர்கள் என்பதெல்லாம் இதில் வராது. முன்பே பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. அப்படி ஒன்று நடந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஆகவே உங்கள் குடும்பத்தின் பங்கு பன்னிரண்டில் ஒன்று. அதுவும் உங்கள் ஒருவருடையது கிடையாது. நீங்கள், மகன், மகள் மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்தப் பன்னிரண்டில் ஒன்றே செல்லும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். எத்தனையோ ஆச்சிமார்கள் என் எதிரில் உட்கார்ந்து இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போயிருக்கிறார்கள். ஆனால் எட்டில் ஒன்று என்று எழுதிக் கொடுத்து 60 லட்சம் வாங்கியபின் நாத்தனார் வழக்குப் போட்டால், பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் நீங்கள்தான்.

ஓட்டல்காரருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு எதற்கு? அதில் அவர் ஒரு கட்டில்கூடப் போட முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒருவருடைய பங்கை வெளியார் வாங்கினால், குடும்பத்தாரோடு சேர்ந்து அந்த வீட்டில் அனுபவம் கொண்டாட அவருக்கு உரிமை கிடையாது. பாகம் பிரித்துத் தரச் சொல்லி வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அப்படி அவர் வழக்குப் போட்டால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆவது பிரிவின்படி, நீதிமன்றம் மதிப்பிடும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைப் பங்காளிகள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவு பாதுகாப்பு இருக்கிறதே என்று நிம்மதி கொள்ள முடியாது. வாங்குகிறவர்களுக்கும் இந்தச் சட்டம் தெரியும். அவர்கள் எதிர்பார்ப்பது உங்கள் பங்கை அல்ல. வீட்டுக்குள் ஒரு கால் வைப்பதை. ஒரு பங்கு கையில் வந்துவிட்டால் மற்றப் பங்காளிகளிடம் தனித்தனியாகப் பேசலாம். கோலாலம்பூரில் இருப்பவர், பெங்களூரில் இருப்பவர், வீட்டைப் பார்த்தே இருபது வருடமானவர் என்று ஒவ்வொருவராகச் சம்மதிப்பார்கள்.

நான் நடத்திய ஒரு வழக்கில் அப்படித்தான் ஆயிற்று. ஒருவர் அவசரத்துக்கு விற்ற சின்னப் பங்கில் தொடங்கி, ஒன்பது வருடம் இழுத்தது. தீர்ப்பு எங்கள் பக்கம்தான் வந்தது. அதற்குள் இரண்டாம் கட்டின் மேங்கோப்பு, அதாவது கூரைச் சட்டம், மழையில் இற்று விழுந்துவிட்டது. வழக்கு நடக்கும்போது யாரும் ஓடு மாற்றக் காசு கொடுக்கவில்லை. பர்மா தேக்குத் தூண்கள் எப்போது போயின, யார் எடுத்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தீர்ப்பு நகலை வாங்க வந்த பெரியவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்த வழக்கை வென்றேன் என்று சொல்லிக்கொள்ள இன்றுவரை எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் கடிதத்தில் அந்தத் தூண்களைப் பற்றி எழுதிய வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். மயிலாப்பூர் அடுக்ககத்தின் நுழைவு மண்டபத்துக்கு வரும் தூண் ஏதோ ஒரு செட்டிநாட்டு வீட்டுப் பட்டாலையில் நின்ற தூண்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள்; நிலைக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் சட்டி, கல்யாணப் படம் வரை எல்லாம் விலைக்கு நிற்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியல் ஒரு வீட்டின் ஒரு ஓட்டைக்கூடக் காப்பாற்றாது. பங்காளிகள்தான் காப்பாற்ற வேண்டும். புதிதாக அச்சடித்த ஆத்தங்குடிக் கல் எங்கே போட்டாலும் எனக்குச் சந்தோஷம், அது அந்த ஊர்க்காரர்களுக்குப் பிழைப்பு. பழைய தூணைப் பார்த்து மட்டும் வீடு வாங்காதீர்கள்.

இனி அந்த ஃபிளாட்.

நீங்கள் விடப் பார்ப்பதும் பிரிபடாத பங்கு, வாங்கப் போவதும் பிரிபடாத பாகம். அடுக்ககத்தில் உங்களுக்குச் சொந்தமாகும் மண் அந்தப் பாகம் மட்டும்தான். சுவருக்கு வயதாகும், மண்ணுக்கு மதிப்பு ஏறும். ஆகவே பளிங்குத் தரையையும் சமையலறை அலமாரியையும் பார்க்குமுன் பத்திர வரைவில் அந்த எண்ணைத் தேடினேன். மனை மூன்றரை கிரவுண்டு, அதாவது 8,400 சதுர அடி. பத்து வீடும் ஒரே அளவு என்று விளம்பரத் தாளில் இருக்கிறது. பத்தால் வகுத்தால் ஆளுக்கு 840 சதுர அடி. உங்கள் வரைவில் 690 என்று போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு 150 குறைந்தால் பத்து வீட்டுக்கும் சேர்ந்து 1,500 சதுர அடி. அது யார் பெயரில் நிற்கிறது? சாலை விரிவாக்கத்துக்கு மாநகராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தானப் பத்திரத்தைக் காட்டட்டும். நிலத்தின் பழைய உரிமையாளரோ பில்டரோ தன் பெயரில் வைத்துக்கொண்டிருந்தால், நாளை மேலே இன்னொரு மாடி எழும்பலாம், அல்லது இடித்துக் கட்டும் நாளில் உங்களோடு ஒரு கூட்டாளி வந்து நிற்கலாம். மாடவீதிப் பக்கத்தில் 150 சதுர அடி மண் என்ன விலை என்று உங்கள் மகனுக்குத் தெரியும். இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வரும்வரை அடுத்த பேச்சு வேண்டாம்.

2,150 என்பது சூப்பர் பில்டப் கணக்கு. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, நுழைவு மண்டபம் எல்லாவற்றிலும் உங்கள் தலைக்கு வருவதைக் கூட்டிச் சொல்வது. அந்தத் தூண்கள் நிற்கும் இடமும் அதில் சேர்த்தி. வரைவின் கடைசிப் பக்கத்தில் கார்பெட் ஏரியா 1,480 என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. வெளிச்சுவர், பால்கனி நீங்கலாக, உள்ளே நீங்கள் புழங்கும் இடம் அதுதான். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா என்கிறோமே அது, கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. அப்படிப் பார்த்தால் நீங்கள் ஒரு சதுர அடிக்குக் கொடுப்பது 20,000 அல்ல, 29,000 ரூபாய்க்கு மேல்.

அதே சட்டத்தின் 13ஆவது பிரிவு: ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. உங்கள் ஃபிளாட்டுக்கு அது 43 லட்சம். ஒதுக்கீட்டுக் கடிதம் என்ற ஒற்றைத் தாளைக் கொடுத்து 75 லட்சம் கேட்கிறார்கள். இடமோ 500 சதுர மீட்டருக்கு மேல், வீடும் எட்டுக்கு மேல். ஆகவே ரெரா பதிவு கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாவிட்டால் விற்பனை விளம்பரமே செய்திருக்கக் கூடாது. எண் இருந்தால் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அதைப் போட்டு, அங்கே அவர்கள் தாக்கல் செய்த வரைபடத்தையும் ஒப்படைக்கும் தேதியையும் உங்கள் வரைவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் மகனிடம். கட்டுமானக் குறை தெரிந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பதும் அதில் உண்டு. வரைவில் அதை ஒரு வருடம் என்று சுருக்கியிருக்கிறார்கள். அதை அடித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

மயிலாப்பூருக்கே உரிய இன்னொரு விஷயம் இருக்கிறது. அது பழைய குடியிருப்பு, கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர். கோயிலுக்குச் சொந்தமான மனைகள் அங்கே பல உண்டு. குத்தகைக்கு விட்ட நிலத்தில் கட்டிடம் மட்டும் கைமாறி வந்த இடங்களும் உண்டு. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் செல்லாது, சார்பதிவாளரும் பதிய மாட்டார். பங்களா எவ்வளவு பழையதோ அவ்வளவு பின்னோக்கித் தாய்ப்பத்திரம் பார்க்க வேண்டும். முப்பது வருட வில்லங்கச் சான்று போதும் என்பார் புரோக்கர். போதாது. நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த மனை யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். பங்களாக்காரருக்கும் நம்மைப்போலப் பங்காளிகளும் பெண்மக்களும் இருந்திருப்பார்களே, அவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டார்களா என்றும் பார்க்கவேண்டும். சென்னையில் வில்லங்கம் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரை நீங்களே அமர்த்துங்கள். பில்டர் தரும் வழக்கறிஞர் கருத்துரை பில்டருக்காக எழுதப்பட்டது.

4 கோடியே 30 லட்சத்தோடு செலவு நிற்காது. 3 கோடிக்கு மேற்பட்ட புது ஃபிளாட்டுக்கு இன்றைய விகிதப்படி முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 லட்சத்து 70 ஆயிரம். கட்டி முடித்துச் சான்று பெறாத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம். 21 லட்சத்து 50 ஆயிரம். கார் நிறுத்தம், கார்பஸ் ஃபண்ட் எனும் பராமரிப்பு வைப்புநிதி, உள்வேலை எல்லாம் தனி. 5 கோடியைத் தொட்டுவிடும். மாதப் பராமரிப்பு 7,500 ரூபாயைத் தாண்டினால் அதற்கும் ஜிஎஸ்டி வரலாம். உங்கள் மகன் மனையையும் பங்கையும் கழித்துவிட்டு ஏறக்குறைய இரண்டரைக் கோடிக்கு மேல் கடன் எடுக்க வேண்டியிருக்கும். அவர் சம்பளம் என்னவென்று நான் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள்.

ஒரு மாற்று வழி சொல்கிறேன், யோசித்துப் பாருங்கள். செக்காலை மனையை மட்டும் விற்கலாம். அது உங்கள் கணவர் சம்பாதித்தது, வில்லங்கமில்லாதது, உங்கள் மூவரின் கையெழுத்து போதும். அந்தப் பணத்துக்குள் மந்தைவெளியிலோ மயிலாப்பூர் உள்தெருக்களிலோ, லிஃப்ட் உள்ள, குடிவந்து இருபது வருடமான இரண்டு படுக்கையறை ஃபிளாட்டைத் தேடுங்கள். ஜிஎஸ்டி கிடையாது; கட்டிய வீட்டை வெயிலிலும் மழையிலும் நேரில் பார்த்து வாங்கலாம். பழைய அடுக்ககங்கள் குறைந்த தளப்பரப்புக் குறியீட்டில், அதாவது மனை அளவோடு பார்த்தால் குறைந்த கட்டிடப் பரப்பில், கட்டப்பட்டவை என்பதால், வீட்டின் அளவோடு ஒப்பிட்டால் பிரிபடாத பாகம் புதியவற்றைவிட அதிகமாகவே இருக்கும். பிற்காலத்தில் கட்டிடம் தளர்ந்துபோனால், 2022ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்து மறுகட்டுமானம் செய்யவும் வழி இருக்கிறது.

மனையை விற்ற லாபத்துக்கு வருமான வரி உண்டு. 1991இல் வாங்கிய விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை, அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல், அடக்க விலையாகக் காட்டலாம். விற்ற தொகை முழுவதையும் இரண்டு வருடத்துக்குள் ஒரு வீடு வாங்குவதில் போட்டால் வரிவிலக்குக் கேட்கலாம். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. மூவர் பெயரில் விற்று ஒருவர் பெயரில் வாங்கினால் சிக்கல் வரும். பத்திரம் எழுதுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் போங்கள். எழுதிய பிறகு போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

வாங்குவதற்கும் முன்னால், ஆறு மாதம் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கபாலி கோயிலுக்குக் காலையில் நடந்து போய் வரலாம் என்று ஆசையாக எழுதியிருந்தீர்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு மெட்ரோ வழித்தடங்கள் சந்திக்கும் திருமயிலை நிலைய வேலையால் அந்தப் பக்கம் போக்குவரத்து மாறிக்கிடக்கிறது. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மாட வீதிக்குள் ஒரு வண்டி நுழையாது. கடல் பக்கம் என்பதால் கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று கோடையில் வாயில் ஊற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் கோலம் போட்டு, முகப்பில் உட்கார்ந்து, தெருவில் போகிறவரை நிறுத்திப் பேசிப் பழகியவர் நீங்கள். மூன்றாவது மாடியில் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும் என்பதை ஒரு விளம்பரத் தாள் சொல்லாது.

இப்போது வீட்டுப் பங்கு. அதை அப்படியே விட்டுவிட்டுப் போகவும் சொல்லமாட்டேன். நீங்கள் கிளம்பினால் விளக்கேற்ற ஆளில்லை, அந்தக் கவலை கடிதத்தில் தெரிகிறது. ஃபிளாட்டில் யாருக்கு எவ்வளவு பாகம், மாதம் யார் எவ்வளவு கட்ட வேண்டும், தரவில்லையென்றால் என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. முகம் தெரியாத பத்துப் பேர் சண்டையில்லாமல் ஒரு கட்டிடத்தை நடத்துகிறார்கள். ஒரே ஐயாவின் பேரப்பிள்ளைகள் நாம், நம்மிடம் ஒரு தாள் கிடையாது. அந்தத் தாளை எழுதுங்கள். எல்லாக் கிளையினரையும், நாத்தனாரையும் அவர் பிள்ளைகளையும் சேர்த்து, பங்கு விகிதத்தை ஒப்புக்கொண்டு ஓர் ஒப்பந்தம். வருடத்துக்கு இவ்வளவு என்று பொதுக் கணக்கில் போடுவது. ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றுவது யார் பொறுப்பு. கல்யாணம், சாந்தி, படைப்பு, கேதம் எதற்கும் எல்லோருக்கும் வீட்டைத் திறந்துவிட வேண்டும் என்ற வரி. யாராவது பங்கை விடுவதானால் முதலில் பங்காளிகளிடம் கேட்டுவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்ற வரி. இதைப் பதிவும் செய்துவிடலாம்.

பணம் தேவைப்பட்டு விட்டே ஆக வேண்டும் என்று ஒரு நாள் வந்தால், கொழுந்தனார் கிளைக்கு எழுதிக் கொடுங்கள். விசேஷங்களுக்கு வளவைப் பயன்படுத்தும் உரிமையை உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கிவைத்துப் பத்திரம் எழுதலாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: குடும்பத்தாருக்குள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு உள்ள தீர்வைச் சலுகை கூடப்பிறந்தவர் அளவில் நின்றுவிடுகிறது. பெரியப்பா, சித்தப்பா கிளைகளுக்கு எழுதினால் அந்தச் சலுகை கிடைக்காது.

மகள் ஊருக்கு வர முடியாவிட்டால் சிங்கப்பூர் இந்திய ஹைகமிஷனில் கையெழுத்திட்டுப் பவர் அனுப்பட்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். பவரில் எந்தச் சொத்து, என்ன வேலை என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுப் பவர் வேண்டாம்.

முதல் வேலையாக நாத்தனாருக்கு ஒரு போன் செய்யுங்கள். பத்திரம், பங்கு என்று தொடங்காமல், மயிலாப்பூர் போகும் யோசனையைச் சொல்லுங்கள். அடுத்த முறை காரைக்குடி வரும்போது மாமனார் காலத்துப் பேரேடு, புள்ளி வரி ரசீதுகள், வீட்டு வரி ரசீது, மாமனாரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். ஐயா பெட்டகத்தில் பழைய பத்திரம் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். சாவி பெரிய கொழுந்தனாரிடம் இருக்கிறதென்றால், அவரையும் அழைத்து வாருங்கள்.